அத்துமீறி நுழைதல்: போலீஸ் கேஸா, சிவில் கேஸா?

புஞ்சைக்காடு

திரும்பத் திரும்ப வரும் கேள்வி என்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன். ஒருவருக்குக் காலிமனை இருக்கிறது; ஆள் வெளியூரில். பக்கத்து மனைக்காரர் நான்கு அடி உள்ளே வந்து கல் ஊன்றி முள்கம்பி கட்டிவிடுகிறார். ஸ்டேஷனுக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தமாக இருந்தும் ஏன் இப்படி? அத்துமீறல் குற்றம்தானே? எது குற்றம், எது வெறும் உரிமைத் தகராறு, எந்தக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பலருக்கும் உதவும்.

முன்சீப்கோர்ட்

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 441-வது பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.) 329(1) ஆக இருக்கிறது. வாசகம் ஏறக்குறைய அதேதான். அடுத்தவர் சுவாதீனத்தில், அதாவது கைவசத்தில், உள்ள சொத்துக்குள் நுழைய வேண்டும். அப்படி நுழைவது ஒரு குற்றம் செய்யவோ, சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ இருக்க வேண்டும். முறையாக உள்ளே வந்துவிட்டு, அதே நோக்கத்தோடு வெளியேற மறுத்துத் தங்கினாலும் சேரும்.

இதில் "உரிமையாளர்" என்ற சொல்லே கிடையாது, சுவாதீனம் மட்டும்தான். அதனால்தான் வாடகைக்காரர் பூட்டிவிட்டுப் போன வீட்டை மாற்றுச் சாவி போட்டுத் திறந்து அவர் சாமானை வெளியே எறிகிற வீட்டுக்காரரும் அத்துமீறியவர் ஆகலாம். பத்திரக் கட்டோடு ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பத்திரம் உரிமையைக் காட்டும். சம்பவத்தன்று நிலம் யார் கையில் இருந்தது என்பதைக் காட்ட வேறு ஆவணம் வேண்டும்: விவசாய நிலத்துக்கு அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), மோட்டார் மின் இணைப்பு ரசீது, மனைக்கு வீட்டுவரி அல்லது காலிமனை வரி ரசீது, வேலி போட்ட பில், பழைய புகைப்படம்.

நோக்கம் அடுத்த தடை. மாத்ரி எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் (ஏ.ஐ.ஆர். 1964) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. உள்ளே போனால் அவருக்குத் தொல்லையாக இருக்கும் என்று தெரிந்திருந்தது மட்டும் போதாது. தொல்லை கொடுப்பதே நுழைந்ததன் குறிக்கோளாக இருந்திருக்க வேண்டும். தன் மனை என்று மனதார நம்பி, தனியார் சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றியவர் மீது 329 நிற்காமல் போவது இதனால்தான். போலீஸ் "சிவில்" என்று சொல்வதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. மீதிப் பாதிக்கு அடுத்து வருகிறேன்.

காவிரிக்கரை

தண்டனை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுங்கள். 447 என்றாலே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்.

முன்சீப்கோர்ட்

வெட்டவெளி நிலத்துக்குள் அத்துமீறல் பழைய 447, இப்போது 329(3): மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 500 ரூபாய்தான். வீட்டு அத்துமீறல் பழைய 448, இப்போது 329(4): ஓராண்டு வரை, அபராதம் 5,000 வரை. இரண்டும் ஜாமீனில் விடக்கூடியவை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. சுவாதீனத்தில் இருப்பவர் சம்மதித்தால் சமரசமாகவும் முடிக்கலாம்.

"வீடு" என்றால் குடியிருக்கும் வீடு மட்டுமல்ல. மனிதர் தங்கும் கட்டடம், கூடாரம், படகு, வழிபாட்டு இடம், பொருள் பாதுகாத்து வைக்கும் கட்டடம் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே நெல் மூட்டை அடுக்கிய கிடங்கும் வீடுதான். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் நுழைத்தாலும் நுழைந்ததாகவே கணக்கு.

தாக்கவோ மடக்கி வைக்கவோ தயாராக, கம்பு கத்தியோடு வீட்டுக்குள் வந்தால் பழைய 452, இப்போது 333. ஏழு ஆண்டு வரை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. இந்தப் பிரிவு கடுமையானது என்பதற்காகவே புகாரில் இல்லாத கத்தியை எழுதச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குறுக்கு விசாரணையில் கத்தி பொய் என்று ஆனால், உண்மையாக நடந்த அத்துமீறலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"சிவில் மேட்டர்" பதிலின் மீதிப் பாதி: புகாரில் சொல்லியிருப்பது உண்மை என்று வைத்துக்கொண்டு பார்த்தால் நேரடியாக வழக்குப் பதியும் குற்றம் தெரிகிறதா என்பது மட்டுமே முதல் கேள்வி. தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான ஒப்புகை) மட்டும் கொடுத்து அனுப்பினால் அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எஃப்.ஐ.ஆருக்கு அது மாற்று அல்ல. குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசையவில்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு 175(3)-இல் மாஜிஸ்திரேட்டிடம் மனு. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பிவிடும்.

கல்லும் சங்கிலியும்

நில அளவைப் பக்கம் நின்று சொல்கிறேன். நான்கு அடி தகராறு என்று வருவதில் பெரும்பங்கு, அளந்த முறையில் ஏற்பட்ட கோளாறு. புகார் எழுதும் முன்பே புலப்படத்தை, அதாவது உங்கள் சர்வே எண்ணுக்கான அளவு வரைபடமான எஃப்.எம்.பி.யை, கையில் எடுங்கள்.

பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். மாற்றி வரையப்பட்டதில் மீட்டரில். 100 லிங்க்ஸ் 66 அடி. ஒரு லிங்க் ஏறக்குறைய 20.1 சென்டிமீட்டர். படத்தில் உள்ள 85 என்ற எண்ணை அடி என்று எடுத்தால் 85 அடி, லிங்க்ஸ் என்றால் 56 அடி, மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 279 அடி. எந்த அலகு என்று படத்தின் தலைப்பைப் பார்க்காமல் டேப் பிடிக்கவே கூடாது. பட்டாவில் 0.12.50 என்று இருந்தால் அது 12.5 ஏர்ஸ், சுமார் 30.9 சென்ட். இதை 12.5 சென்ட் என்று படிப்பவர்களும் உண்டு.

அடுத்து, எங்கிருந்து அளக்கிறோம் என்பது. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்தோ ரோட்டு ஓரத்திலிருந்தோ தொடங்கும் அளவை செல்லாது. சுவர் தள்ளிக் கட்டியிருக்கலாம், ரோடு அகலமாகியிருக்கலாம். மூன்று புலங்கள் சந்திக்கும் இடத்துக் கல்லைத் தேடுங்கள். அதிலிருந்து ஜி லைன் (அளவைக்கான அடிப்படைக் கோடு) போட்டு, அதன்மேல் குறித்த தூரத்தில் ஆஃப்செட் (செங்குத்துத் தூரம்) எடுத்து, எல்லை வளைவைப் பிடித்த பிறகுதான் எஃப் லைன் (புல எல்லைக் கோடு) சரியாக வரும். ஒரு கல்லை மட்டும் நம்பாமல் இன்னொரு கல் வரை அளந்து, படத்து நீளத்தோடு ஒத்துப் போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒரு கல் நகர்ந்திருக்கிறது.

அரசு நில அளவருக்கு விண்ணப்பித்தால் பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு அறிவிப்பு போகும். அந்த அறிவிப்பு இல்லாமல் அளந்த ஸ்கெட்ச் பிறகு கோர்ட்டில் எடுபடாது. "அவரு வரமாட்டாரு, நீங்க அளங்க" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரு முக்கியமான வேறுபாடு: அரசு ஊழியர் அதிகாரத்தில் நட்ட எல்லைக்கல்லைப் பிடுங்கினாலோ நகர்த்தினாலோ அது தனிக் குற்றம். பழைய 434, இப்போது 326(e). ஓராண்டு வரை தண்டனை. மனைப்பிரிவு போட்டவர் சொந்தமாக நட்ட மஞ்சள் பெயின்ட் கல்லுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அது சாதாரண சொத்துச் சேதம், 324. புகாரில் வெறுமனே "கல்லைப் பிடுங்கிவிட்டார்" என்று எழுதாமல், எந்தக் கல், யார் நட்டது, புலப்படத்தில் எந்த முனை என்று எழுதினால் அத்துமீறலுக்கான நோக்கமும் அதிலேயே வெளிப்படும். தன் இடம் என்று மனதார நம்புகிறவர் சர்வே கல்லைத் தோண்டி எடுத்து ஒளித்து வைக்க மாட்டார்.

புஞ்சைக்காடு

இது நன்றாகப் புரிகிறது. ஆனால் காலிமனையில் "சுவாதீனம்" என்று எதைக் காட்டுவது? அங்கே யாரும் குடியில்லை, பயிரும் இல்லை.

முன்சீப்கோர்ட்

அனாதுல சுதாகர் எதிர் புச்சி ரெட்டி (2008) தீர்ப்பில் இதற்கு விடை இருக்கிறது. யாரும் நேரடியாகப் பயன்படுத்தாத காலிமனையில் சுவாதீனம் உரிமையைப் பின்தொடரும். இருவரும் "என் கையில்தான் இருக்கிறது" என்றால், உரிமையை நிரூபிப்பவர் கையில் இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். ஆகவே காலிமனைக்கு மட்டும் பத்திரத்தின் எடை கூடுகிறது.

அதே தீர்ப்பின் மறுபக்கத்தையும் படியுங்கள். எதிராளி கையில் ஏதோ ஒரு பத்திரம் இருந்து, உரிமையில் உண்மையான சிக்கல் எழுந்தால், வெறும் நிரந்தர உறுத்துக்கட்டளை (தலையிடக்கூடாது என்ற தடை உத்தரவு) கேட்டுப் போட்ட வழக்கு நிற்காது. உரிமையை விளம்புகை செய்யும், அதாவது உரிமை உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும், பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஏற்கெனவே கம்பி கட்டி எடுத்துக்கொண்டுவிட்டார் என்றால் சுவாதீனத்தை மீட்கும் பரிகாரமும் வேண்டும். கோர்ட் கட்டணத்தை மிச்சப்படுத்த உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டு, ஐந்து வருடம் கழித்து "விளம்புகை கேட்கவில்லை" என்ற ஒரே காரணத்தில் தோற்பது மிகவும் வருத்தமான விஷயம். தவிர்க்கக்கூடியது என்பதால் இன்னும் வருத்தம்.

காவிரிக்கரை

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில் நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பியைப் பிடுங்கி எறிந்தால் என்ன? சொந்த நிலத்தைப் பாதுகாக்கச் சட்டமே அனுமதி கொடுக்கிறதே.

முன்சீப்கோர்ட்

அனுமதி இருக்கிறது, அளவோடு. அத்துமீறலுக்கு எதிராகச் சொத்தைத் தற்காக்கும் உரிமை பி.என்.எஸ். 35-இல் உண்டு. ஆனால் சாதாரண அத்துமீறலுக்கு உயிர்ச்சேதம் விளைவிக்கும் உரிமை கிடையாது (42). அதிகாரிகளிடம் போக நேரம் இருந்தால் அந்த உரிமையே எழாது (37). சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைவது, கொள்ளை, குடியிருப்புக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்சும்படியான வீட்டு அத்துமீறல் போன்றவை மட்டும் வேறு தட்டில் இருக்கின்றன (41).

நேரம்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போதே தடுத்தால் உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. அவர் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்தே பல மாதம் ஓடி, பயிரும் வைத்துவிட்டால் அது நிலைபெற்ற சுவாதீனம். புரன் சிங் எதிர் பஞ்சாப் அரசு (1975) வழக்கில் பயிர் வைத்தாரா என்பதையே ஒரு சோதனையாகச் சொன்னார்கள். வைத்திருந்தால் உண்மையான உரிமையாளர்கூட அதை அழித்து நிலத்தைப் பலவந்தமாக எடுக்க முடியாது. ராமே கவுடா வழக்கிலும் இதையே உறுதி செய்தார்கள். நாலு ஆளோடு போனால் அத்துமீறல் வழக்கு உங்கள் மீதுதான் வரும், கூடவே சட்டவிரோதக் கூட்டமும்.

அதற்கு மாறாக ஒரு நல்ல வழி இருக்கிறது. குறித்த பரிகாரச் சட்டம் 1963, பிரிவு 6. சம்மதமில்லாமல், சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற கேள்விக்கே போகாமல் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்புக்கு மேல்முறையீடும் கிடையாது, மறுஆய்வும் கிடையாது. அரசுக்கு எதிராக மட்டும் இது செல்லாது. ஆறு மாதம் கடந்தால் உரிமையை நிரூபிக்கும் நீண்ட வழக்குதான் மிச்சம். அதற்கு 12 ஆண்டு காலவரை. அதையும் தாண்டினால் உள்ளே இருப்பவர் எதிரிடை அனுபவம் (நீண்ட காலம் அனுபவித்ததாலேயே நிலம் தனதாகிவிட்டது என்ற வாதம்) பேசத் தொடங்குவார்.

யாழ்க்காணி

இலங்கையில் இருந்து ஒரு குறிப்பு. எங்கள் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அதே அச்சில் வார்த்ததுதான்; குற்றமுறை அத்துமீறல் 427-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் காணிப் பிணக்கில் ஆட்கள் முதலில் போவது 1979-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுக்குத்தான். சமாதானக் குலைவு ஏற்படும் என்று பொலிஸ் அறிக்கை தாக்கல் செய்யலாம், அல்லது தரப்பினரே நேரடியாகப் போகலாம். அறிக்கை தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரையே மீண்டும் இருத்தும்படி கட்டளை வரும். இரண்டு மாதம் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உறுதி (பத்திரம்), தோம்பு (பழைய காணிப் பதிவேடு) எல்லாம் அங்கே பெரிதாகப் பார்க்கப்படாது. சுவாதீனத்தை மீட்கும் வழக்குக்கு ஒரு வருடம், நீடித்த எதிரிடை ஆட்சிக்குப் பத்து வருடம். உங்கள் பன்னிரண்டை நினைத்துக்கொண்டு இங்கே இருக்கக்கூடாது. வெளிநாட்டில் இருக்கிற காணிக்காரர் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேணும்.

முன்சீப்கோர்ட்

யாழ்க்காணி, இங்கேயும் அந்த இரண்டு மாதம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145, இப்போது பி.என்.எஸ்.எஸ். 164. அமைதி கெடும் என்ற போலீஸ் அறிக்கையின் பேரில் ஆர்.டி.ஓ. விசாரிப்பார். அறிக்கை கிடைத்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், சுவாதீனத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். ஆனால் அதே சொத்து பற்றி சிவில் கோர்ட்டில் வழக்கு நடந்து, சுவாதீனம் அங்கே பரிசீலனையில் இருந்தால் இந்த நடவடிக்கையை இணையாக ஓட்டக்கூடாது என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு குதிரையிலும் ஏற நினைப்பவர்கள் கவனிக்கவும்.

ஆட்டுக்கிடை

மனிதர் நுழைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். மாடு நுழைந்தால்? எங்கள் பக்கத்தில் அடிதடிக்கு முதல் காரணம் அதுதான்.

காவிரிக்கரை

1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. பயிரை மேய்ந்து சேதம் செய்யும் மாட்டை நிலத்துக்காரரோ சாகுபடி செய்பவரோ பிடிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவுக்கு (பிடிபட்ட கால்நடைகளை அடைக்கும் பொதுப் பட்டி) அனுப்ப வேண்டும். வீட்டுக் கொட்டகையில் கட்டி வைத்து "ஐயாயிரம் கொடுத்தால் அவிழ்ப்பேன்" என்பது சட்டவிரோதப் பிடிப்பு; மாட்டுக்காரர் பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். மறுபுறம், முறையாகப் பிடித்த மாட்டை வழிமறித்துப் பறித்துக்கொண்டு போனால் மாட்டுக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம்.

நடைமுறைச் சிக்கல், பல ஊர்களில் தொழுவே இல்லாமல் போனது. அப்படியானால் மாட்டைக் கட்டி வைக்காதீர்கள். மாடு பயிரில் நிற்கும் படம், சேதமான பரப்பு, வி.ஏ.ஓ. பார்வையிட்ட குறிப்பு ஆகியவற்றோடு நஷ்டஈடு கேட்பதே பாதுகாப்பு.

புஞ்சைக்காடு

"அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்" என்று போர்டு வைப்பதில் பயன் உண்டா?

முன்சீப்கோர்ட்

போர்டு புதிதாக ஒரு குற்றத்தை உண்டாக்காது. வழி தெரியாமல் போர்டைத் தாண்டி வந்தவரை அதற்காக மட்டும் தண்டிக்க முடியாது. ரயில்வே இடம் இதற்கு விதிவிலக்கு: ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இல் அனுமதியில்லாமல் நுழைந்ததே போதும், தொல்லை நோக்கம் நிரூபிக்க வேண்டியதில்லை. தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களைப் பிடிப்பது இதில்தான்.

தனியார் மனையில் போர்டின் பயன் சாட்சியத்தில் இருக்கிறது. கூரியர்காரர், வழி கேட்பவர் போன்றோர்க்குச் சொல்லாமலே இருக்கும் அனுமதி முடிந்தது என்று காட்டும். "காலியாகக் கிடந்தது, யாருடையது என்று தெரியாது" என்ற வாதத்தை அடைக்கும். காலிமனையில் நீங்கள் உரிமை செலுத்தி வந்ததற்கும் தடயம். சர்வே எண்ணும் உட்பிரிவும் போர்டில் இருக்கட்டும். வைத்த அன்று எடுத்த படத்தை அசல் போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியைத் தாக்கல் செய்யப் போனால் மின்னணு ஆவணத்துக்குத் தேவையான பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ் கொடுப்பதில் தடுமாறுவீர்கள்.

கல்லும் சங்கிலியும்

கடைசியாக ஒன்று. கல் பிடுங்கப்பட்டதைப் பார்த்ததும் நீங்களே போய் அதே குழியில் திரும்ப நடாதீர்கள். குழி இருந்த இடம்தான் உங்கள் சாட்சியம். அப்படியே விட்டு, பக்கத்தில் டேப் விரித்து, அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து தூரம் தெரியும்படி படம் எடுங்கள். கிணற்று விளிம்பு, மின்கம்பம் போன்றவை சரி. பிறகு கோர்ட் அனுப்பும் வழக்கறிஞர் ஆணையர் நில அளவரோடு வந்து அளக்கும்போது, ஜி லைனில் கிடைக்கும் முனையும் உங்கள் குழியும் ஒரே இடத்தில் விழுந்தால் வாதத்துக்கே வேலை குறைவு. ஆணையரிடம் புலப்பட நகல், 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல், பக்கத்துப் புலங்களின் படம் மூன்றையும் முன்கூட்டியே கொடுங்கள். பக்கத்துப் புலப்படம் இல்லாமல் ஒரு புலத்தை மட்டும் அளந்தால், அந்த நான்கு அடி எந்தப் பக்கம் போனது என்று சொல்லவே முடியாது.